ஏற்றக் கூடாத எண்

“இந்த ஒரு நம்பரை மட்டும் ஏத்தாத, கிளாரா.”

“ஏத்தினா என்ன ஆகும்?”

“யாராச்சும் வெளிய நின்னுருவாங்க.”

“யாரு?”

“யாராச்சும்லா. உனக்கு எல்லாத்துக்கும் பேரு, அட்ரஸ் வேணுமா?”

லயனல் இப்படிச் சொன்னபோது அவன் மடியில் கணினி இருந்தது. காலடியில் பாதி அடுக்கிய பெட்டி. இருவருக்கும் நடுவில் புந்தோங்கில் வாங்கிய கச்சாங் பூத்தே கடலைப் பொட்டலம் பிரிந்து கிடந்தது. மறுநாள் காலை அவனுக்கு சிங்கப்பூர் பஸ். கடலையைக் கொறித்துக்கொண்டே, தான் எழுதிய செயலியின் உள்ளறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து மனைவிக்குக் காட்டிக்கொண்டிருந்தான். எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று. கிளாரிசா பாதியைத்தான் கேட்டாள். மீதி நேரமெல்லாம் அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ‘போகாத’ என்ற ஒரு வார்த்தை தொண்டை வரை வந்து நின்றது. அதை ஒரு வாய்க் கடலையோடு சேர்த்து விழுங்கிவிட்டு, “போயிட்டு வா, நான் பாத்துக்குறேன்” என்றாள்.

ஒரு வருஷம் என்று சொல்லிப் போனவன். அதன் பிறகு இரண்டு கிறிஸ்மஸ் கழிந்துவிட்டன. தினமும் பேசுவான். ஒவ்வொரு முறையும் வைப்பதற்கு முன் “வேற ஏதாச்சும் வேணுமா?” என்று கேட்பான். அவளும் ஒவ்வொரு முறையும் “ஒண்ணும் வேணாம், நான் பாத்துக்குறேன்” என்பாள். அப்படிச் சொல்லிச் சொல்லி அதுவே அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

இந்த வியாழக்கிழமை காலையில், ஈப்போவின் சிலிபின் கடைவீட்டு மாடியில் இருந்த அந்தச் சின்ன ஆபீசில், கிளாரிசாவுக்கு அந்தப் பழைய பேச்சு சுருக்கென்று நினைவுக்கு வந்தது. எதிரே சுவரில் மாட்டியிருந்த திரையில் எட்டுப் பெயர்கள் இன்னும் சாம்பல் நிறத்திலேயே இருந்தன. அவற்றில் ஒரு பெயர் இருதயமேரி. லயனலின் அம்மா. அவளுடைய மாமியார்.

“என்னம்மா இது, எட்டுப் பேரும் ஒண்ணா சேந்து தூங்குறாங்களா?” என்று கேட்டுக்கொண்டே சுரேன் அண்ணன் பால் சேர்க்காத கோப்பி ஓ பையோடு உள்ளே வந்தார்.

சுரேன் ஒரு காலத்தில் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். இப்போது நான்கு வேன்கள் வைத்திருக்கிறார். பழைய ரப்பர் தோட்டங்களில் மிச்சமிருக்கும் வீடுகளிலிருந்து, சிறுநீரகம் பழுதானவர்களை ஈப்போவில் இரத்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அழைத்து வந்து, திரும்பக் கொண்டுபோய் விடுவதுதான் தொழில். செம்பனைத் தோட்டத்துக்குள்ளே உள்ள மண் பாதையில் வேன் போய்த் திரும்புவதற்கே வெகுநேரம் ஆகும். உள்ளே போய்ப் பார்த்தால் நோயாளி ஆஸ்பத்திரியில் படுத்திருப்பார், அல்லது மகன் வீட்டுக்குப் போயிருப்பார். அந்த அலைச்சலில் மற்றவர்களின் நேரம் கெடும். அதனால் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். கிளம்பத் தயாரானவர் கைப்பேசியில் ‘தயார்’ என்ற பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் வேன் உள்ளே வரும். அழுத்தாவிட்டால் வராது. தோட்டத்துக்குள் லைன் ஒழுங்காகக் கிடைக்காது என்பதால், லயனல் அதற்கும் ஒரு வழி செய்திருந்தான். ஒரு தடவை அழுத்திவிட்டால் போதும், எப்போது லைன் வருகிறதோ அப்போது செய்தி தானாக வந்து சேர்ந்துவிடும்.

“தூங்கல அண்ணே,” என்றாள் கிளாரிசா. குரல் அவளுக்கே வேறு மாதிரிக் கேட்டது. “ஆப் கிராஷ் ஆகுது.”

“நேத்து சாயங்காலம்தானே புதுசு போட்டே?”

“அதுதான்.”

சுரேன் கோப்பியை மேசையில் வைத்தார். “நம்ம வேனாச்சும் பரவால்ல லா, தள்ளி விட்டா ஓடும். இதைத் தள்ளக்கூட முடியாதே.” சொல்லிவிட்டு அவரே சிரிக்கவில்லை. கைப்பேசியை எடுத்து ஒவ்வொரு வீடாகக் கூப்பிட ஆரம்பித்தார்.

கிளாரிசா கணினியைத் திறந்தாள். என்ன நடந்தது என்று பார்க்கும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

எந்தச் செயலியையும் யாரும் முழுக்கத் தானே எழுதுவதில்லை. ஒரே நிரலை எழுதி ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் திரை போட ஒரு சட்டகம். வழி காட்ட யாரோ எழுதிய ஒரு பேக்கேஜ், அறிவிப்பு அனுப்ப வேறு யாரோ எழுதிய இன்னொரு பேக்கேஜ். அந்த இரண்டுக்கும் அடியில், இரண்டும் சாய்ந்து நிற்கிற மூன்றாவது பேக்கேஜ் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு வெர்ஷன் எண். ஒருவர் தன்னுடையதைப் புதுப்பித்தால் அது கீழே உள்ளதையும் புதிதாகக் கேட்கும். கீழே உள்ளது புதிதானால், அது இன்னும் புதிய ஆண்ட்ராய்டைக் கேட்கும். பழைய கைப்பேசி அங்கே நின்றுவிடும். லயனல் ‘ஏத்தாதே’ என்று சொன்னது அந்த அடித்தளப் பேக்கேஜின் எண்ணைத்தான். அவன் அதை ஆணி அடித்ததுபோல் ஒரே இடத்தில் நிறுத்திவைத்திருந்தான்.

ஆனால் செயலிகளை வெளியிடும் ஸ்டோரிலிருந்து அறிவிப்பு வந்துவிட்டது. புதிய ஆண்ட்ராய்டுக்கு ஏற்றபடி மாற்றாவிட்டால், இனிமேல் எந்த அப்டேட்டும் போட முடியாது. சட்டகத்தைப் புதுப்பித்தாள். சட்டகம் அந்த ஆணியைப் பிடுங்கச் சொன்னது. பிடுங்கினாள். உடனே செயலியைத் தொகுக்கும் பில்ட் சிவப்பாக நின்றது. ‘இந்தப் பேக்கேஜுக்கு இதைவிடப் புதிய ஆண்ட்ராய்டு வேண்டும். பழைய கைப்பேசிகளை விட்டுவிடு’ என்று அது சொன்னது. விட்டுவிட அவளுக்கு மனம் வரவில்லை. பழைய கைப்பேசி வைத்திருப்பவர்கள் எல்லாரும் தோட்டத்து ஆட்கள். பிள்ளைகள் புதிது வாங்கும்போது கொடுத்த பழசைத் துணி உறை போட்டுப் பாதுகாப்பவர்கள். யாரும் வெளியே நிற்கக் கூடாது. அதனால், அந்த எச்சரிக்கையைக் கண்டுகொள்ளாதே, பேசாமல் சேர்த்துக்கொள் என்று ஒரு வரி எழுதினாள். பில்ட் பச்சையானது. ஆபீசில் இருந்த கைப்பேசிகளில் எல்லாம் நன்றாகவே ஓடியது. சோதனைக்கென்று லயனல் வைத்திருந்த மிகப் பழைய கைப்பேசி பேட்டரி உப்பிப்போய்க் குப்பைக்குப் போய் வெகுநாளாகியிருந்தது. கணினிக்குள்ளேயே பழைய ஆண்ட்ராய்டை ஓட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

பழைய கைப்பேசிகள் புதியதை நல்லபடியாக வாங்கிக்கொண்டன. திறந்ததும் மூடிக்கொண்டன.

“ஏழு பேரைப் புடிச்சாச்சு,” என்றார் சுரேன். “பக்கத்து வீடு, மருமகன், கோயில் பூசாரின்னு யாரையோ புடிச்சு சொல்லியாச்சு. சன்னாசி அண்ணன் வேன் ஒரு ரவுண்டு சுத்திக் கூட்டிட்டு வந்துரும். இனி உங்க வீட்டுத் தோட்டம், அந்த மூணாம் பாலத்துக்குள்ள போயிட்டு வந்தா மத்தவங்களுக்கு லேட் ஆயிரும்.” கொஞ்சம் நிறுத்தினார். “உன் மாமியாரைத்தான் புடிக்க முடியல.”

“அவங்க போன் பழசு இல்ல அண்ணே.”

“என்ன?”

“அவங்க போன் பழசு இல்ல. போன கிறிஸ்மஸுக்கு என் போனைக் குடுத்தனுப்பினோம். சன்னாசி அண்ணன்தான் கொண்டு போனாரு. அதுல இந்த ஆப் ஓடணும். ஓடியே ஆகணும்.”

சுரேன் அவளைப் பார்த்தார். இருவரும் ஒரே விஷயத்தைத்தான் நினைத்தார்கள். செயலி ஓடுகிறது, ஆனாலும் அத்தை ‘தயார்’ என்று அழுத்தவில்லை. அப்படியென்றால் அழுத்த முடியாத நிலையில் இருக்கிறார்.

அதுவும் இன்றைக்கு. செவ்வாய்க்கிழமை முறையை இருதயமேரி வேண்டுமென்றே விட்டுவிட்டிருந்தார். தோட்டத்து அந்தோனியார் கெபியில், அந்தச் சின்னக் குகைக் கோயிலில், திருவிழா, தேர்பவனி. ‘ஒரு நாள் உடம்புல தண்ணி கூடினா அந்தோனியார் பாத்துப்பாரு’ என்று சொல்லிவிட்டார். நிலையத்து நர்ஸான மிஸ்ஸி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள், வியாழக்கிழமையை மட்டும் விட்டால் மூச்சு முட்டிவிடும் என்று.

கிளாரிசா தன் காடியின், அந்தச் சின்னக் காரின், சாவியை எடுத்தாள்.

*

ஜாலான் கோலகங்சாரில் கல் லாரிகள் வரிசையாக ஊர்ந்தன. சுண்ணாம்பு மலைகளின் மேல் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. கிளாரிசா லயனலை ஸ்பீக்கரில் கூப்பிட்டாள். இந்த நேரத்தில் அவள் கூப்பிடுவதே இல்லை. அவன் முதல் மணியிலேயே எடுத்தான்.

“அம்மாவுக்கு என்ன?”

“தெரியல. நான் போயிட்டிருக்கேன்.” அவள் எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. நடுவில் ஒரு லாரியைத் தாண்டும்போது மட்டும் பேச்சை நிறுத்தினாள்.

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கதவு மூடியது. விசைகளைத் தட்டும் சத்தம். “பாஸ்கிட்ட வயித்து வலின்னு சொல்லிட்டு மாடிப்படியில உக்காந்துட்டேன். ஆப்போட கோடு இப்ப என் கையில.” கொஞ்ச நேரம் கழித்து அவன் குரல் மாறியது. “கிளாரா, இந்த வரியை யாரு போட்டது?”

“நான்தான்.”

“அது எச்சரிக்கை சொல்லுதுல்ல? வாயை மூடுன்னு சொல்லி வச்சிருக்கே.”

“யாரும் வெளிய நிக்கக் கூடாதுன்னு நீதானே சொன்னே!”

“அதுக்காக இப்பிடியா? கதவைச் சாத்தியிருந்தா பழைய போனெல்லாம் பழைய வெர்ஷன்லயே ஓடியிருக்கும்! இப்ப எல்லாத்தையும் உள்ள கூப்பிட்டு—”

“கத்தாத லயனல். நான் காடி ஓட்டிட்டிருக்கேன்.”

அவன் கத்துவதை நிறுத்தினான்.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?” என்றான், மெதுவாக.

கேட்டிருக்கலாம். எதையுமே அவனிடம் கேட்பதில்லை என்று அவள் பழகியிருந்தாள். பழுதான தண்ணீர்க் குழாய், காடியின் ரோட் டேக்ஸ், அத்தையின் மருந்து, எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொண்டவள், இதையும் தானே பார்த்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

“சரி செய்ய முடியுமா?” என்று மட்டும் கேட்டாள்.

“சட்டகத்துக்கு அடிப் பேக்கேஜ் இதுக்கு மேல இருக்கணும். பழைய போனுக்கு இதுக்குக் கீழ இருக்கணும். நடுவுல ரெண்டுக்கும் ஒத்துப்போற ஒரு நம்பர் இருந்தாகணும். ஒவ்வொரு படியா இறங்கிப் பாக்குறேன். அறிவிப்பு பேக்கேஜையும் அதோட சேத்து இறக்கணும்.” தட்டிக்கொண்டே இருந்தான். “ஆனா அம்மா போனுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. அது உன் போனு. அதுல நல்லா ஓடும். கிளாரா...”

“தெரியும்.”

“பக்கத்துல யாரும் இல்லையா?”

“எல்லாம் பேக்டரிக்குப் போயிருப்பாங்க. இன்னும் கொஞ்ச தூரம்தான்.”

“விழுந்து கிடந்தாங்கன்னா நீ தனியா தூக்கப் பாக்காத. முதல்ல கூப்பிடு, ஆம்புலன்சைக் கூப்பிடு, யாரையாச்சும்...” அவன் முடிக்கவில்லை. வேறு நாட்டில், யாருடைய ஆபீசிலோ, ஒரு மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிற ஒருவனால் அதற்கு மேல் என்ன சொல்ல முடியும்?

செம்மோரைத் தாண்டி, கடைசிக் கடைகளைத் தாண்டி, காடி செம்பனைக்குள் திரும்பியது. லயனலின் குரல் துண்டு துண்டாகி, பிறகு நின்றுபோனது. லைன் போய்விட்டது.

மூணாம் பாலம் என்பது தோட்டத்தின் உண்மையான பெயர் அல்ல. வெள்ளைக்காரன் வைத்த பெயரை இப்போது யாரும் சொல்வதில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. ஆட்கள் போய் வேறு ஆட்கள் வந்தார்கள். தொழிலாளர் லைன் வீடுகளில் பத்துப் பன்னிரண்டு மட்டும் மிச்சம். பாதையின் நடுவே பாலாங் இறங்கிக் கிடந்தது. குறுக்குத் தடி. காவல்காரன் பெயர் எழுதச் சொல்லிப் புத்தகத்தை நீட்டினான். அவள் ஜன்னல் வழியே, “பாங், மாக் மெர்த்துவா சாயா சாக்கித்!” என்றாள். மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டதும் அவன் புத்தகத்தை விட்டுவிட்டுத் தடியைத் தூக்கினான்.

மண் பாதையின் கற்கள் காடியின் வயிற்றில் தட்டின. அவள் வேகத்தைக் குறைக்கவில்லை. வாய் தானாக ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லிக்கொண்டிருந்தது. பாதியில் மறந்துபோய் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

வீட்டுக் கதவு திறந்திருந்தது.

வாசலில், பிளாஸ்டிக் நாற்காலியில், இருதயமேரி உட்கார்ந்திருந்தார். வெளுத்த நீலச் சட்டை, கைலி, மடியில் துணிப்பை, தலை வாரி, பவுடர் பூசி, முழுக்கத் தயாராக. கால்கள் இரண்டும் உப்பி, செருப்பு நுழையாமல் பக்கத்தில் கிடந்தது. மூச்சு மேலும் கீழும் இழுத்தது. கையில் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு, கட்டை விரலால் அதைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

“அத்தே!”

“வந்துட்டியா பிள்ளே,” என்றார் அவர், மூச்சு வாங்க. “சன்னாசி வேன்தான் வரும்னு பாத்தேன். நான் வெள்ளனவே தயார்னு அழுத்தினேன். அது மூடிக்கிச்சு. மறுபடி அழுத்தினேன். மறுபடி மூடிக்கிச்சு. நான் எதையாச்சும் ஒடைச்சிட்டேனோன்னு பயந்துட்டேன்.”

கிளாரிசா அந்தக் கைப்பேசியைப் பார்த்தாள். மூலையில் விரிசல் விழுந்த கண்ணாடி. பின்னால் பிளாஸ்டர் ஒட்டிய மூடி. அவள் கொடுத்தனுப்பிய கைப்பேசி இல்லை அது. லயனல் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கி, கல்யாணத்தின்போது அம்மாவுக்குக் கொடுத்த அதே பழைய கைப்பேசி.

கேட்கிற நேரம் அல்ல. அவள் அத்தையின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு மெல்ல எழுப்பினாள். இரண்டடி வைத்ததும் அவர் நின்றார். நெஞ்சில் கை வைத்தார். கிளாரிசா அவர் இடுப்பை இறுக்கிப் பிடித்தாள். பிறகு அவர் மூச்சை இழுத்துக்கொண்டு, “கதவைச் சாத்து, கோழி உள்ள போயிரும்” என்றார். அந்த ஒரு சொல்லில் அவளுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

காடியில் சீட்டைப் பின்னால் சாய்க்க அவர் விடவில்லை. படுத்தால் இன்னும் முட்டுகிறதாம். நிமிர்ந்து, ஜன்னலுக்கு மேலிருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே வந்தார். பாதைத் தடி இவர்களுக்காகத் தூக்கியே வைக்கப்பட்டிருந்தது.

“பேசாதீங்க அத்தே.”

“பேசாட்டி இன்னும் பயமா இருக்கு.” கொஞ்ச தூரம் போனதும் அவரே சொன்னார். “நீ குடுத்தனுப்பின போனு பெட்டியோட அலமாரில இருக்கு. கோவிச்சுக்காதே.”

“ஏன் அத்தே?”

“நம்ம வீட்டுல எப்பவும் அவன்தானே மாத்திக் குடுப்பான். கிறிஸ்மஸ் அன்னிக்குச் சாப்புட்டுட்டு, பக்கத்துல உக்காந்து, ‘இது யாரும்மா, இந்த நம்பர் வேணுமா, செத்துப்போனவங்க நம்பரெல்லாம் எதுக்கும்மா’ன்னு கேட்டுக் கேட்டு ஒண்ணொண்ணா மாத்துவான். அந்தி சாஞ்சிரும். நீ சமையக்கட்டுலேருந்து கத்துவே, பாயசம் ஆறுதுன்னு.” மூச்சு வாங்கினார். “வந்து மாத்திக் குடுப்பான்னு வச்சிருந்தேன். சன்னாசி நான் மாத்தித் தரேன்னுதான் சொன்னான். வேணாம்னுட்டேன்.”

கிளாரிசாவுக்குப் பாதை கண்ணில் மங்கியது. கண்ணை இமைத்து இமைத்துத்தான் ஓட்டினாள்.

அத்தையும் ஒரு தடவைகூட மகனிடம் ‘வா’ என்று சொன்னதில்லை. ‘எனக்கு என்னடா குறைச்சல், நீ ஒழுங்கா சாப்புடு’ என்பார். போனை வைத்த பிறகு கெபி பக்கம் போய் உட்கார்ந்துகொள்வார். ஒரே ஆளிடம் கேட்க வேண்டியதை, இரண்டு பெண்களும் இரண்டு வீட்டில் இருந்துகொண்டு, ஒருவருக்கொருவர் சொல்லாமலே வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

பெரிய ரோட்டில் ஏறியதும் கைப்பேசி அலறியது.

“அம்மா?” லயனலின் குரல் உடைந்திருந்தது. “கிளாரா, அம்மா எங்க?”

“இருக்கேன்டா, சிங்கப்பூரு ராஜா,” என்றார் இருதயமேரி. “உன் பொண்டாட்டி காடிய கப்பல் மாதிரி ஓட்டுறா.”

அந்தப் பக்கம் அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“உன் பழைய போன்தான் லயனல்,” என்றாள் கிளாரிசா. “புதுசு அலமாரில இருக்கு.”

அவன் ஏன் என்று கேட்கவில்லை.

*

நிலையத்தில் சுரேன் முன்னாலேயே வந்து, சக்கர நாற்காலியோடு வாசலில் நின்றார். மிஸ்ஸி அத்தையின் கால்களைப் பார்த்துவிட்டுத் தானே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே விரைந்தாள். முன்னால் வந்த ஒருவர் தன் நாற்காலியை விட்டுக்கொடுத்து அடுத்த முறைக்குத் தள்ளிப்போனார். ஊசி ஏற்றி, குழாயில் சிவப்பு ஓட ஆரம்பித்து, இயந்திரம் ஒரே சீராக முனகத் தொடங்கிய பிறகும் கிளாரிசா பக்கத்திலேயே நின்றாள். மிஸ்ஸி அடிக்கடி வந்து இரத்த அழுத்தம் பார்த்தாள். கடைசியில் ஒரு முறை பார்த்துவிட்டு, “எறங்குது. இனி பயமில்ல. ஆனா ஆன்ட்டி, அடுத்த வருஷம் அந்தோனியாரை இங்க கூட்டிட்டு வாங்க, நீங்க அங்க போகாதீங்க” என்றாள். அப்போதுதான் கிளாரிசா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

லயனல் ஒரு பில்டை அனுப்பியிருந்தான். கூடவே கூப்பிட்டான்.

“நடு நம்பர் கிடைச்சிருச்சு. அறிவிப்பு பேக்கேஜை ரெண்டு படி இறக்கினேன். அடிப் பேக்கேஜை அங்க ஆணியடிச்சிட்டேன். நீ எழுதின அந்த வரியை எடுத்துட்டேன். எச்சரிக்கை எதுவும் இல்லாம பில்ட் ஆச்சு. ஆனா நெசமான பழைய போன்ல பாக்காம நான் இதை வெளிய விட மாட்டேன். இப்ப நம்மகிட்ட இருக்கிறது ஒண்ணே ஒண்ணுதான்.”

“அத்தே, உங்க போனைக் குடுங்க.”

“ஒடைச்சிராதே,” என்றார் இருதயமேரி, குழாய் இல்லாத கையால் நீட்டி.

பழைய செயலியை நீக்கினாள். புதியதை ஏற்றினாள். அந்தக் கைப்பேசி எதையும் அவசரப்பட்டுச் செய்யாது. ஏற்றத்தைக் காட்டும் கோடு மெல்ல நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. சுரேன் தோளுக்குப் பின்னால் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். திரை வெள்ளையானது. காலையிலிருந்து எட்டு வீடுகளில் இந்த இடத்தில்தான் அது மூடிக்கொண்டது. கிளாரிசா விரலை எடுத்துக்கொண்டாள்.

மூடிக்கொள்ளவில்லை. அத்தையின் பெயர் வந்தது. கீழே பச்சைப் பொத்தான் வந்தது.

“நீங்களே அழுத்துங்க அத்தே.”

இருதயமேரி கட்டை விரலால் அழுத்தினார். சுரேனின் பையில் இருந்த கைப்பேசி ‘டிங்’ என்றது. அவர் எடுத்துப் பார்த்துவிட்டு, “இருதயமேரி தயாராம்லா. இப்ப வேன் அனுப்பவா?” என்றார். அத்தை சிரித்தார். சிரிப்பில் இருமல் வந்தது. மிஸ்ஸி தூரத்திலிருந்து முறைத்தாள். சுரேன் நல்ல பிள்ளையாக வெளியே போய்விட்டார்.

“ஓடுச்சா?” என்றான் லயனல்.

“ஓடுச்சு.”

“ஸ்டோருக்கு அனுப்பிடுறேன். அவங்க பாத்து விடுற வரைக்கும் சுரேன் அண்ணனை எல்லாருக்கும் போன் பண்ணச் சொல்லு.” அவன் குரலில் களைப்பு இருந்தது, கூடவே வழக்கமான அந்தப் பொறுப்பும் வந்துவிட்டது. “வரைபடப் பேக்கேஜும் சீக்கிரம் இதே மாதிரி அடிபடும். அதைப் பத்திக் கவலப்படாத. நான் இங்கிருந்தே பாத்துக்குறேன்.”

இங்கிருந்தே.

கிளாரிசா அத்தையைப் பார்த்தாள். அவர் கண்களை மூடியிருந்தார், ஆனால் தூங்கவில்லை. இமைகள் அசைந்துகொண்டிருந்தன. பழைய கைப்பேசி அவர் வயிற்றின் மேல், ஒவ்வொரு மூச்சுக்கும் மெல்ல ஏறி இறங்கியது.

“கிளாரா? லைன்ல இருக்கியா?”

“இருக்கேன்.”

“நான் காலைல கத்தினதுக்கு... சரி, விடு. சாப்புட்டியா நீ? முதல்ல ஏதாச்சும் சாப்புடு.” பிறகு எப்போதும்போல், வைப்பதற்கு முன், அவன் கேட்டான். “வேற ஏதாச்சும் வேணுமா?”

‘ஒண்ணும் வேணாம்’ என்பது நாக்கு நுனி வரைக்கும் தானாக வந்தது. அவள் அதை அங்கேயே நிறுத்தினாள். இந்த முறை விழுங்கவில்லை.

“வேணும்,” என்றாள்.

“என்ன?”

அத்தையின் குழாய் இல்லாத கை மெல்ல நகர்ந்து வந்து, கண் திறக்காமலேயே, அவள் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டது.

“அத்தைக்குப் போன் மாத்திக் குடுக்கணும், நீ பக்கத்துல உக்காந்து. அது மட்டும் இல்ல. எனக்கும் வேணும்.” அவள் குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டாள். “நீ போன அன்னிலேருந்து இதைக் கேக்கணும்னு இருக்கேன். வீட்டுக்கு வந்துரு, லயனல். ஒரேயடியா வந்துரு.”